இங்கே வசூலிக்கப்படாத வரியை எங்கள் ரசீதில் ஏற்றாதீர்கள்: இந்திய மளிகை இறக்குமதியாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இந்திய மளிகைப் பொருள்களை இறக்குமதி செய்யும் வணிகர்களுக்கும், அவற்றைச் சிராங்கூன் ரோட்டிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வட்டாரங்களிலும் சில்லறையில் விற்கும் கடை உரிமையாளர்களுக்கும்,

உங்களுள் சிலருடைய கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்தில், கணினியில் அச்சிட்ட ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. இறக்குமதி வரி உயர்ந்துவிட்டதால் சில பொருள்களின் விலை மாற்றப்பட்டுள்ளது, வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்தப் பொருள், எந்த நாடு விதித்த வரி, எத்தனை விழுக்காடு, எந்தத் தேதியிலிருந்து என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. பொன்னி அரிசிக்கும் அந்த அறிவிப்பே காரணம், துவரம் பருப்புக்கும் அதுவே, மிளகாய்த் தூளுக்கும் அப்பளத்துக்கும் அதுவே. அந்த அறிவிப்பை எடுத்துவிடும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். காரணம் சொல்லாமல் கேட்பது முறையாகாது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் பல ஆண்டுகள் ஒரு சரக்கு அனுப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் கொள்கலன்களுக்கு டிரேட்நெட் என்ற மின்னியல் முறையில் சுங்க அனுமதி பெறுவது என் பணி. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய வகைப்பாட்டு எண், கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பு, எடை, செலுத்த வேண்டிய தொகை ஆகியவற்றைப் பதிவு செய்து அனுமதி எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உங்களில் சிலருடைய சரக்கும் என் கைவழியே வந்திருக்கக்கூடும். இப்போது வீட்டிலிருந்தபடியே விருந்துகளுக்கும் வழிபாட்டு நிகழ்ச்சிகளுக்கும் சமைத்துக் கொடுக்கிறேன். அரிசியும் பருப்பும் வெங்காயமும் வாங்காத வாரமே எனக்குக் கிடையாது. கணக்கு எழுத வேண்டியிருப்பதால் நீங்கள் கொடுக்கும் ரசீதுகளை எறிவதும் கிடையாது. ஆகவே, இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

முதலில், சிங்கப்பூரில் எதற்கெல்லாம் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுபானங்கள், புகையிலைப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே இங்கே தீர்வை விதிக்கப்படுகிறது. வேறு எந்தப் பொருளுக்கும் கிடையாது. நீங்கள் விற்கும் பீடிக்கட்டுக்குத் தீர்வை உண்டு, அதற்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும் கடலை மிட்டாய்க்கு இல்லை. அரிசி, பருப்பு, கோதுமை மாவு, புளி, மசாலா, நெய், ஊறுகாய், கருவாடு என எதற்கும் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை ஒரு காசுகூட இறக்குமதித் தீர்வை வாங்குவதில்லை. இந்தியாவுடனான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு 2005 ஆகஸ்டு 1 அன்று நடப்புக்கு வந்தது. ஆனால் உங்கள் அரிசிக்கு அந்த உடன்பாடுகூடத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது வராவிட்டாலும் அரிசிக்கு இங்கே தீர்வை இல்லை. உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து தருவிக்கும் ஒரு நாடு உணவுக்குத் தீர்வை போடுவது தன் மக்களின் வயிற்றுக்கே தீர்வை போடுவதாகிவிடும் என்பதை நம் அரசாங்கம் அறியும். பொருளாதாரப் பாடம் படிக்காத என் தாயாருக்கும் அது தெரிந்திருந்தது.

பொருள் சேவை வரி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அது 2023 தொடக்கத்தில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 தொடக்கத்தில் 9 ஆகவும் உயர்ந்தது. சரக்கு இறங்கும்போதே அதன் மொத்த மதிப்பின் மீது அந்த வரி கணக்கிடப்படுகிறது என்பதும் உண்மை. ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள பருப்பு வந்தால் 90 வெள்ளி செலுத்துகிறீர்கள். ஆனால், அந்த வரிக்குப் பதிவு செய்துகொண்ட நிறுவனமாக இருந்தால், இறக்குமதியின்போது செலுத்திய தொகையை, விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்கிறீர்கள். கடைசியில் அதைச் சுமப்பது பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாங்கள்தான். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத, பதிவு செய்துகொள்ளாத சிறுகடைக்காரர் அப்படிக் கழிக்க முடியாது, அவருடைய நிலை வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எப்படியாயினும் 8 விழுக்காடு 9 ஆனபோது, வரி நீங்கலாகப் பத்து வெள்ளி விலையுள்ள ஒரு பொருளில் அது கொண்டுவந்த மாற்றம் பத்துக் காசு. அதற்கு மேல் ஏறியதற்கெல்லாம் அந்த வரியைக் காரணம் காட்ட முடியாது.

இனி, உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் நான் தாண்டிப் போக விரும்பவில்லை. வரியால் நம் சமையலறை உண்மையிலேயே அடிவாங்கிய காலம் ஒன்று உண்டு. அந்த வரியைப் போட்டது இந்தியா. அதுவும் இறக்குமதி வரி இல்லை, தன் நாட்டிலிருந்து வெளியே போகும் பொருளுக்கு விதித்த ஏற்றுமதி வரி. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்டு மாதம் 25ஆம் தேதி புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஆகஸ்டு 19 அன்று, வெங்காயத்துக்கு 40 விழுக்காடு. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் 2022இல் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது என்பதால் இங்கே பதற்றம் எழுந்ததில் வியப்பில்லை. இந்திய அரசு ஆகஸ்டு இறுதியில் சிங்கப்பூருக்கென்று 50,000 டன் வெள்ளை அரிசியை அனுமதித்தது. நம் நாட்டில் அரிசி இறக்குமதியாளர்கள் கையிருப்பு வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் அப்போது கைகொடுத்தது. இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் நாம் வாங்குவது பெரும்பாலும் புழுங்கலரிசிதான் என்பதால், அந்த 20 விழுக்காடு மற்ற எவரையும்விடத் தமிழ் வீடுகளைத்தான் நேராகத் தாக்கியது.

ஆனால் அந்த 20 விழுக்காடு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி வரி கப்பலேற்றும் விலையின் மீது விதிக்கப்படுகிறது, உங்கள் கடைத் தட்டில் எழுதியிருக்கும் விலையின் மீது விதிக்கப்படுவதில்லை. ஒரு டன் அரிசியின் கப்பலேற்றும் விலை 600 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் வரி 120 டாலர். கிலோவுக்கு 12 அமெரிக்கக் காசு. ஐந்து கிலோ பைக்கு 60 காசு. ஒரு டாலருக்கு 1.35 வெள்ளி என்று மாற்றினால் 81 சிங்கப்பூர்க் காசு. அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்தால் 88 காசு. ஆக, ஐந்து கிலோ பையில் அந்த வரியின் பங்கு ஒரு வெள்ளிக்கும் குறைவு. என்னிடம் உள்ள ரசீதுகளில் அதே பையின் விலை அந்தக் காலத்தில் அதைவிடப் பன்மடங்கு ஏறியிருக்கிறது. அந்த ஆண்டில் உலகச் சந்தையில் அரிசி விலையே பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போயிருந்தது, ஆகவே ஏற்றம் முழுவதையும் உங்கள் லாபமாக நான் எண்ணவில்லை. ஆனால் நீங்கள் எங்களிடம் சொன்ன காரணம் உலகச் சந்தை இல்லை. "வரி போட்டுவிட்டார்கள்" என்பதுதான் எல்லாக் கடைகளிலும் கிடைத்த ஒரே பதில்.

அதைவிட எனக்கு மனத்தாங்கல் தருவது அதன் பிறகு நடந்தது. புழுங்கலரிசி மீதான வரியை இந்தியா 2024 செப்டம்பர் இறுதியில் 10 விழுக்காடாகக் குறைத்தது. அக்டோபரில் முற்றிலும் நீக்கியது. வெள்ளை அரிசித் தடையும் அந்தச் செப்டம்பரிலேயே விலக்கப்பட்டது. வெங்காய வரி 2024 செப்டம்பரில் 20 ஆகக் குறைந்து, 2025 ஏப்ரல் 1 முதல் இல்லாமலே போனது. இந்தச் செய்திகளை எந்தக் கடையும் அச்சிட்டு ஒட்டவில்லை. நான் வழக்கமாக அரிசி வாங்கும் ஒரு கடையில், வரி நீங்கி மாதக்கணக்கில் ஆன பிறகும் விலை நின்ற இடத்திலேயே நின்றது. விசாரித்தபோது, இது பழைய சரக்கு, வரி கட்டிக் கொண்டுவந்தது, தீர வேண்டும் என்றார்கள். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் 2023 ஆகஸ்டில், வரி அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில், அதே கடையில் விலை ஏறியது என் ரசீதுகளில் இருக்கிறது. அன்று தட்டில் இருந்த பைகள் வரிக்கு முன்பே கப்பலேறி, இங்கே வந்து, கிடங்கில் இருந்தவை. ஏறும்போது புதிய சரக்கின் விலை, இறங்கும்போது பழைய சரக்கின் விலை என்றால், அந்த இடைவெளியில் விழும் பணம் எந்த நாட்டுக் கருவூலத்துக்கும் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்போது ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்புக்கு வருகிறேன். அதைப் பற்றிக் கேட்டால், அமெரிக்கா எல்லார் மீதும் வரி போட்டுவிட்டதே என்கிறார்கள். இந்த விளக்கம் எவ்வளவு பிசகானது என்பதைச் சொல்ல வேண்டுமானால், இறக்குமதி வரி எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்குத் துறையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு விதிக்கும் இறக்குமதி வரி அந்த நாட்டின் எல்லைக்குள் நுழையும் பொருளுக்கு உரியது. அதை அந்த நாட்டுச் சுங்கத்துறை, அந்த நாட்டில் சரக்கை எடுத்துக்கொள்ளும் இறக்குமதியாளரிடம் வாங்குகிறது. அனுப்பிய நாடு அதைக் கட்டுவதில்லை. அந்த இறக்குமதியாளர் தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அனுப்பியவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது தன் நாட்டு வாடிக்கையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். நடப்பில் இந்த மூன்றும் கலந்தே நடக்கின்றன. எப்படிக் கலந்தாலும், அந்த வரியைப் பங்கு போட்டுக்கொள்பவர்கள் அந்த வணிகத்தின் இரு முனைகளில் இருப்பவர்கள். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக வரும் மிளகாய்த் தூள் மூட்டை அமெரிக்கச் சுங்கச்சாவடியைக் கண்ணால்கூடக் காண்பதில்லை.

2025 ஏப்ரல் 2 அன்று அதிபர் டோனல்ட் டிரம்ப் அந்த வரிகளை அறிவித்தபோது சிங்கப்பூரின் ஏற்றுமதிகள் மீது 10 விழுக்காடு விதிக்கப்பட்டது. அமெரிக்காவுடன் நமக்கு 2004 முதல் தடையற்ற வர்த்தக உடன்பாடு இருக்கிறது, அவர்களுடைய பொருள்களுக்கு நாம் தீர்வை விதிப்பதில்லை, சரக்கு வர்த்தகத்தில் நம்மிடம் அவர்களுக்கே உபரி. அப்படியிருந்தும் விதித்தார்கள். பிரதமர் லாரன்ஸ் வோங் ஏப்ரல் 8 அன்று நாடாளுமன்றத்தில் தமது ஏமாற்றத்தைத் தெரிவித்தார். அந்த மாதமே, அவ்வாண்டுக்கான பொருளியல் வளர்ச்சி முன்னுரைப்பு 1 முதல் 3 விழுக்காடு என்றிருந்தது, 0 முதல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இந்தியப் பொருள்கள் மீது ஆகஸ்டு 27 முதல் 50 விழுக்காடு வந்தது. இவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்பும் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள், அங்கே வேலை செய்பவர்கள், பின்னலாடை ஆர்டர்களை இழந்த திருப்பூர், தன் இறாலுக்கு அமெரிக்காவையே முதற்பெரும் சந்தையாக நம்பியிருந்த ஆந்திரக் கடற்கரை, இவற்றோடு அமெரிக்கக் கடைகளில் வாங்கும் அந்நாட்டு மக்கள். திருப்பூரில் வேலை குறைந்ததால் இங்கிருந்து கூடுதலாகப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லும் தோழிகள் எனக்கு உண்டு. அதுதான் அந்த வரியின் உண்மையான நீளம்.

நம் கடைத் தட்டுக்கு அந்த வரி ஏதாவது செய்யுமானால், விலையை இறக்கத்தான் செய்ய வேண்டும். அமெரிக்காவில் விற்க முடியாத இறாலுக்கு வேறு ஊரில் வாடிக்கை தேட வேண்டும்; தேடுகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். இதை நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நான் உங்களுக்குச் சொல்வது வேடிக்கைதான். இருந்தும், அமெரிக்கா இந்திய இறாலுக்கு வரி போட்ட செய்தியைக் காட்டி இங்கே உறைந்த இறாலின் விலையை ஏற்றிய கடையையும் நான் பார்த்துவிட்டேன்.

வரியின் பெயரால் வரியே இல்லாத பொருளின் விலையும் ஏறுவது உங்கள் கடைகளில் மட்டும் நடப்பதில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் அமெரிக்கா இறக்குமதித் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குத் தனி வரி போட்டது. அவற்றின் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு அந்த வரி இல்லை. ஆனால் இரண்டையும் அங்கே சோடியாக வாங்குவது வழக்கம் என்பதால், விற்பவர்கள் அதன் விலையையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். உள்நாட்டில் செய்யப்பட்ட இயந்திரங்களின் விலையும் சேர்ந்தே ஏறியது. பொருளியல் வல்லுநர்கள் கணக்கிட்டபோது, அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு 150 கோடி டாலர் கூடுதல் செலவு என்றும், அதனால் உருவான வேலைகள் ஏறத்தாழ 1,800 என்றும் தெரியவந்தது. அரிசிக்கு வந்த வரியைக் காட்டிப் பருப்பின் விலையை ஏற்றுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. துவரம் பருப்பை இந்தியாவே மியன்மாரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வாங்கித்தான் தன் தேவையை நிறைவு செய்கிறது. 2023இல் அதன் விலை ஏறியதற்கு விளைச்சல் குறைந்ததே காரணம். அந்தக் காரணத்தை எங்களிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்போம்.

சொல்லத் தக்க உண்மைக் காரணங்கள் உங்களிடம் இல்லாமல் இல்லை. கடை வாடகை ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை, கப்பல் கட்டணம் நிலையாக இல்லை, 2024 நடுப்பகுதியில் நம் துறைமுகத்திலேயே நெரிசல் ஏற்பட்டுக் கப்பல்கள் காத்துக் கிடந்தன. வரிகளிலேயேகூட யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய் இறக்குமதிக்கான வரியை உயர்த்தியது; சுத்திகரிக்காத பாமாயிலுக்கு 5.5 விழுக்காடாக இருந்த மொத்த வரி 27.5 ஆனது. அந்தப் பாமாயிலின் பெரும்பகுதி மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் விளைகிறது. ஆக, பாலத்துக்கு அந்தப் பக்கம் விளைந்த எண்ணெய் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய், அங்கே வரி கட்டி, முறுக்காகப் பொரிந்து, பொட்டலமாகச் சிங்கப்பூருக்குத் திரும்பி வருகிறது. முறுக்கு விலை ஏறியதற்கு இதைக் காரணமாக எழுதி ஒட்டியிருந்தால் அது உண்மையான விளக்கமாக இருந்திருக்கும். பிறகு 2025 மே இறுதியில் அந்த வரி குறைக்கப்பட்டபோது, குறைக்கும்படி கேட்கவும் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். விவரமில்லாத அறிவிப்பு உங்களுக்கு வசதியாக இருப்பது அந்தப் பிடியைத் தராததால்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வரி என்று சொன்னவுடன் வாங்குபவர் வாய் அடைத்துப்போகிறது. இதுதான் எனக்குப் பெரிய குறை. வாடகை என்றால், பக்கத்துக் கடையில் எப்படிக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். வரி என்றால் அரசாங்கம், அரசாங்கத்திடம் பேரம் பேச முடியாது என்று எண்ணிப் பேசாமல் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரிசி மூட்டையையும் வெங்காயப் பையையும் தோளில் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் தங்குவிடுதிப் பேருந்துக்கு நடக்கும் தம்பிகளைப் பாருங்கள். அறைக்கு இத்தனை பேர் என்று காசு சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். குடிமக்களின் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் சமூக மேம்பாட்டு மன்ற (சிடிசி) பற்றுச்சீட்டு அவர்களுக்குக் கிடையாது. பொருள் சேவை வரிக்கு ஈடாக வரும் உதவித்தொகையும் கிடையாது. ஆனால் அந்த வரியை எங்களைப் போலவே அவர்களும் கட்டுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர், சிங்கப்பூர் அரசாங்கம் அரிசிக்கும் வரி போடுகிறதா அக்கா என்று என்னிடம் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். போடவே போடாத ஒரு வரிக்காக இந்த நாட்டின் மீது அவர் குறைப்பட்டுக்கொள்ளும்படி செய்தது உங்கள் அறிவிப்பு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் கூற்றைக் கூறிப் பயனீட்டாளரிடம் விற்பது நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்று நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. பொருள் சேவை வரி உயர்ந்த காலத்தில், அதைச் சாக்காக வைத்து விலையேற்றுவதைக் கண்காணிக்க அரசாங்கம் ஒரு குழுவையே அமைத்தது. புகார் செய்யச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அங்கே போகாமல் உங்களுக்கு எழுதக் காரணம், இந்தக் கடைகளோடு எனக்குள்ள உறவு. முன்பணம் இல்லாமல் மூட்டை கொடுத்து, சமையல் முடிந்து காசு வந்த பிறகு வாங்கிக்கொண்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களை நான் எதிராளியாக நினைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கைகளை நேரடியாகவே வைக்கிறேன். பொத்தாம்பொதுவாக இறக்குமதி வரி என்று குறிப்பிடும் அறிவிப்புகளை உடனே எடுத்துவிடுங்கள். மது, புகையிலை நீங்கலாக, உங்கள் கடையில் உள்ள எந்தப் பொருளுக்கும் அது பொருந்தாது.

விலை ஏற்ற வேண்டிய நிலை வந்தால் உண்மைக் காரணத்தை எழுதுங்கள். வெளிநாட்டு வரிதான் காரணம் என்றால் எந்த நாடு, எந்தப் பொருள், எத்தனை விழுக்காடு, எந்தத் தேதி என்ற நான்கையும் குறிப்பிடுங்கள். அந்த வரியால் ஒரு பைக்கு எவ்வளவு கூடுகிறது என்பதையும் காசுக் கணக்கில் போடுங்கள். வாடகை காரணமென்றால் வாடகை என்றே எழுதுங்கள், எங்களுக்கும் வீட்டு வாடகையின் கனம் தெரியும். இதில் இறக்குமதியாளர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சில்லறைக் கடைக்காரர்கள் பலர் மொத்த விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னதைத்தான் எங்களிடம் திருப்பிச் சொல்கிறார்கள். நீங்கள் அவர்களுக்கு விலைப் பட்டியலை அனுப்பும்போதே காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். சரக்கு எப்போது கப்பலேறியது, அதற்கு வரி கட்டப்பட்டதா இல்லையா என்பது உங்கள் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்புகளைத் தயாரித்தவள் என்பதால் இதில் எந்தச் சிரமமும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வரி விதிக்கப்பட்டபோது எத்தனை விரைவாக ஏற்றினீர்களோ, நீக்கப்படும்போது அத்தனை விரைவாக இறக்குங்கள். கிடங்கில் பழைய சரக்கு இருப்பதால் தாமதமாகும் என்றால், எந்தத் தேதிக்குள் தீரும் என்று எழுதி வையுங்கள், காத்திருக்கிறோம். அதே விதி ஏறும்போதும் நடப்பில் இருக்க வேண்டும். வரிக்கு முன் வந்த பைகள் தீரும்வரை பழைய விலைக்கே விற்க வேண்டும்.

புழுங்கலரிசிக்கும் வெங்காயத்துக்கும் இந்தியா வரியை நீக்கிய பிறகும் குறைக்கப்படாமல் இருக்கும் விலைகளை மறுபடி பாருங்கள். வேறு செலவுகளால் குறைக்க முடியவில்லை என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ளாத கடைகள் அந்த வரியின் பெயரால் ரசீதில் தனியாக எதையும் சேர்க்கக் கூடாது. பதிவு செய்துகொண்டவர்கள் வரி சேர்ந்த விலையையே தட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டுமே ஏற்கெனவே விதிகளில் உள்ளவைதான்.

தீபாவளிச் சந்தைக்காக மொத்தக் கொள்முதல் தொடங்கும் முன்பு உங்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, உறுப்பினர் கடைகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். 2023 முதல் சேர்த்து வைத்திருக்கும் அரிசி, வெங்காய ரசீதுகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். எந்த நாள், எந்த இடம் என்று சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் உங்கள் வாடிக்கையாளர்,
ஈசூன்